3-ம் வகுப்பைத் தாண்டாத மோட்டார் மேதை ஜி. டி. நாயுடு

ஈரோட்டில் இருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூர் செல்கிறவர்களுக்குத் திம்பம் மலைப்பாதை நன்றாகத் தெரியும். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறத் தொடங்கினால், 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் பள்ளம்.

மழை நாளில் அந்தப் பாதையில் ஒரு கார் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவில் ஈரம். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். ஆனால் கார் திரும்பவில்லை. நேராகப் பள்ளத்தை நோக்கிச் சறுக்குகிறது!

அந்த நொடியில் ஒரு காரியம் நடக்கிறது. நான்கு சக்கரங்களில் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழுகிறது. கார் சட்டென்று பாதைக்குத் திரும்புகிறது. அந்தப் பிரேக்கைப் போட்டவர் டிரைவர் அல்ல. காரே போட்டுக்கொண்டது!

கண்ணுக்குத் தெரியாமல் அந்த வேலையைச் செய்த கருவிக்கு எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்று பெயர். சுருக்கமாக இ.எஸ்.சி. என்பார்கள். கார் நிலை தடுமாறாமல் காக்கும் கருவி என்று பொருள்.

இந்தக் கருவி முதன் முதலாகக் கார்களில் வந்தது 1995-ம் ஆண்டில். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, கொங்கு நாட்டின் மோட்டார் மேதை ஒருவர் கண்ணை மூடிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால், இந்தக் கருவியைக் கண்டதும் அவர் இரண்டு கேள்விகள் கேட்டிருப்பார்: உள்ளே என்ன இருக்கிறது? ஏழை எளியவர்களுக்கு இது எப்போது கிடைக்கும்?

அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் இவைதான். அவர்தான் ஜி. டி. நாயுடு.

கலங்கல் சிறுவன்

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி, கோபால்சாமி நாயுடு என்ற விவசாயிக்கு ஒரு மகன் பிறந்தான். துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பதுதான் பின்னாளில் ஜி. டி. நாயுடு ஆயிற்று.

பள்ளிக்கூடம் என்றால் துரைசாமிக்குக் கசப்பு. உட்கார்ந்து மனப்பாடம் செய்ய அவனால் முடியவில்லை. 3-ம் வகுப்போடு படிப்பு நின்றது. பையன் வயல் வேலைக்குப் போனான்.

அதற்காக அவன் எழுத்தை மறந்துவிடவில்லை. கையில் கிடைத்ததை எல்லாம் தானே படித்தான். படித்ததைவிட, பார்த்ததும் பிரித்ததும்தான் அவனுக்கு அதிகமாகக் கற்றுக் கொடுத்தன.

ஓட்டலில் வேலை

ஒரு நாள் ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற கம்பெனியின் வண்டி அது. மாடு இல்லை, குதிரை இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது! துரைசாமி அதைக் கண் இமைக்காமல் பார்த்தார்.

அன்று முதல் அவருக்குத் தூக்கம் இல்லை. அப்படி ஒரு வண்டி தனக்கும் வேண்டும். பணம்?

கோவைக்கு நடந்தார். ஓட்டலில் சப்ளையர் வேலையில் சேர்ந்தார். மற்றவர்களின் இலையில் சோறு போட்டுக்கொண்டே, தனக்குக் கிடைத்த சம்பளத்தைக் காசு காசாகச் சேர்த்தார். சேர்ந்த பணத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிளை வாங்கியே விட்டார்!

வாங்கிய வண்டியில் ஏறி ஊர் சுற்றியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் செய்தது வேறு. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்கு இருக்கிறது என்று பார்த்தார். பிறகு மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது. பள்ளிக்கூடம் கற்றுத் தராத பாடத்தை அந்த வண்டி அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

இடையில் பருத்தி வியாபாரத்திலும் இறங்கினார். லாபம் வந்தது. பிறகு நட்டமும் வந்தது. கையில் இருந்த பணம் போயிற்று. மோட்டார் ஆசை மட்டும் போகவில்லை.

ஒரே ஒரு பஸ்

அப்போது கோவையில் ஸ்டேன்ஸ் துரை என்ற ஆங்கிலேயத் தொழில் அதிபர் இருந்தார். நாயுடுவின் கெட்டிக்காரத்தனம் அவருக்குத் தெரியும். அவர் கை கொடுத்தார். 1920-ம் ஆண்டு நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளியும் அவரே. டிரைவரும் அவரே.

அந்தக் காலத்து மோட்டார் வண்டியை ஓட்டுவது விளையாட்டு அல்ல. பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்புறச் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக் பிடிக்கும். இன்று இருப்பது போல வழவழப்பான தார்ச் சாலைகளும் கிடையாது. செம்மண்ணும் சரளையும் நிறைந்த பாதை. மழை பெய்தால் சேறு. மாட்டு வண்டிகள் குறுக்கே வரும். வண்டி சறுக்கினால், டிரைவரின் கையும் காலும்தான் துணை.

ஆகவே நாயுடு இரண்டு விஷயங்களில் கண்ணும் கருத்துமாக இருந்தார். ஒன்று, வண்டி பழுது இல்லாமல் இருக்க வேண்டும். மற்றொன்று, நேரம் தவறக் கூடாது.

ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்துக்கள் கொங்கு நாடு எங்கும் பிரபலம் ஆயின. பஸ்களைப் பழுது பார்க்கும் பட்டறையும் கூடவே வளர்ந்தது. கோவைப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு அதுவே தொழில் பழகும் பள்ளிக்கூடம் ஆயிற்று.

நாட்டின் முதல் மின்சார மோட்டார்

பஸ் ஓடியது, பணம் வந்தது, நாயுடு ஓயவில்லை. கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனார். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கையில் எப்போதும் காமிரா இருக்கும். 1936-ம் ஆண்டு லண்டனில் நடந்த 5-ம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார்.

மறு ஆண்டு, 1937-ல், பாலசுந்தரம் நாயுடு என்ற தொழில் நிபுணருடன் சேர்ந்து, பீளமேட்டில் மின்சார மோட்டாரைத் தயாரித்து வெளியிட்டார். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டார் அதுதான். இன்று கொங்கு நாட்டுக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும், அவற்றை நாடு முழுவதும் அனுப்பும் கோவைத் தொழிற்சாலைகளும் அந்த விதையில் முளைத்தவை.

நாயுடு கண்டுபிடித்த பொருள்களைப் பட்டியல் போட்டால் நீண்டுகொண்டே போகும். பாட்டரியில் ஓடும் முகச்சவரக் கருவி. மெல்லிய பிளேடு. பழச்சாறு பிழியும் எந்திரம். மின்சாரம் இல்லாத வீட்டுக்காக மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு எந்திரம். தோட்டத்தில் பருத்தியிலும் பப்பாளியிலும் புதுப் புது ரகங்கள்.

1941-ம் ஆண்டு அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். 5 வால்வு ரேடியோவைத் தன்னால் 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்பதுதான் அந்த அறிவிப்பு. பணக்காரர் வீட்டில் மட்டுமே ரேடியோ பாடிய காலம் அது!

அவர் எதைச் செய்தாலும் இந்த ஒரு கணக்கு உள்ளே இருக்கும். பொருள் நன்றாக இருக்க வேண்டும். சாதாரண மனிதன் வாங்கும் விலையில் இருக்க வேண்டும்.

கல்லூரி கண்டவர்

3-ம் வகுப்போடு படிப்பை விட்டவர், கல்லூரி தொடங்குவதற்கே காரணமாக இருந்தார் என்றால் நம்ப முடிகிறதா?

1945-ம் ஆண்டு, சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழிற் கல்லூரி ஏற்பட்டது. அதற்கு நாயுடு நன்கொடை கொடுத்தார். தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று இன்று புகழோடு விளங்குவது அந்தக் கல்லூரிதான்.

ஆனால் பாடத் திட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. என்ஜினீயர் ஆவதற்கு 4 ஆண்டு எதற்கு, 2 ஆண்டு போதுமே என்பது அவர் கட்சி. புத்தகத்தைக் குறைத்து, கையில் ஸ்பானரைக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

2 ஆயிரம் ரூபாய் கார்

1952-ம் ஆண்டு வந்தது. நாயுடுவின் வாழ்க்கையிலேயே பெரிய ஆசை ஒன்று உருவம் பெற்றது.

அது ஒரு சின்னஞ்சிறு கார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2 ஆயிரம் ரூபாய்!

கார் என்றால் ஜமீன்தாரும் மில் முதலாளியும் ஏறுவது என்று இருந்த நாளில், கடைக்காரரும் வாத்தியாரும் வாங்கக் கூடிய காரை ஒரு கோவைக்காரர் செய்து காட்டினார்.

ஆனால் அந்தக் கார் வீதிக்கு வரவில்லை. தயாரிப்பதற்கு அரசாங்கத்தின் லைசென்சு வேண்டும். லைசென்சு கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. ஏழைக்குக் கார் என்ற ஆசை பட்டறைக்குள்ளேயே முடங்கியது.

நாயுடு சோர்ந்து உட்காரவில்லை. தான் திரட்டிய எந்திரங்களை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று, 1967-ம் ஆண்டு கோவையில் தொழிற் பொருட்காட்சி ஏற்படுத்தினார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

வண்டிக்காரன் அறிந்த ரகசியம்

நாயுடு மறைந்த பிறகு மோட்டார் உலகம் வேகமாக மாறியது. காருக்கு மூளை முளைக்கத் தொடங்கியது.

1978-ம் ஆண்டு ஜெர்மனியில் போஷ் கம்பெனி ஒரு பிரேக் கருவியைக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஏ.பி.எஸ். பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் சறுக்கும், ஸ்டியரிங்குக்கு அடங்காது. ஏ.பி.எஸ். பிரேக்கை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

அதன் தம்பிதான் இ.எஸ்.சி. 1995-ம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் விலை உயர்ந்த காரில் அது வந்தது.

நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றியது போல, இந்தக் கருவியையும் கழற்றிப் பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது?

நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் ஆளுக்கு ஒரு காவல்காரன். தன் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அவன் சொல்வான். ஸ்டியரிங்கில் ஒரு காவல்காரன். டிரைவர் எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறார் என்பதை அவன் சொல்வான். காரின் நடுப் பகுதியில் இன்னும் இரண்டு பேர். கார் பம்பரம் போலத் திரும்பும் வேகத்தை ஒருவன் அளப்பான். கார் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதை மற்றவன் அளப்பான். இந்தக் காவல்காரர்களைத்தான் சென்சார் என்கிறார்கள்.

இவர்கள் சொல்லும் சேதி எல்லாம் ஒரு சிறு கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. டிரைவர் போக நினைக்கும் பக்கமும், கார் போகும் பக்கமும் ஒன்றுதானா? ஒரு நொடிக்கு 25 தடவை இந்தக் கேள்வி!

ஒன்றுதான் என்றால் கருவி சும்மா இருக்கும். இல்லை என்றால் உடனே வேலையில் இறங்கும். அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, காங்கேயம் காளை பூட்டிய வண்டியை நினைத்துக்கொண்டால் போதும்.

வண்டியை வலது பக்கம் திருப்ப வேண்டும். வண்டிக்காரர் என்ன செய்கிறார்? வலது மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார். இடது மாட்டைத் தட்டி விடுகிறார். வலது பக்கம் வேகம் குறைகிறது. வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. எந்தப் பக்கத்தை இழுத்துப் பிடிக்கிறோமோ, அந்தப் பக்கம் வண்டி திரும்பும். இந்த ரகசியம்தான் இ.எஸ்.சி.யின் உயிர்.

வலது பக்க வளைவு ஒன்றில் கார் போகிறது. முன் சக்கரங்கள் ஈரத்தில் பிடிப்பை இழக்கின்றன. கார் திரும்பாமல் நேராக ஓடுகிறது. கருவி உடனே வளைவின் உட்புறம் உள்ள பின் சக்கரத்துக்கு, அதாவது வலது பின் சக்கரத்துக்கு, பிரேக் போடுகிறது. வலது மாட்டை இழுத்துப் பிடித்த மாதிரி! காரின் மூக்கு வலது பக்கம் திரும்புகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பின் சக்கரங்கள் சறுக்கி, காரின் பின்புறம் வெளியே வீசப்படும். கார் அளவுக்கு மேல் திரும்பி, பம்பரமாகச் சுழலப் பார்க்கும். அப்போது வெளிப்புறம் உள்ள முன் சக்கரத்துக்கு, அதாவது இடது முன் சக்கரத்துக்கு, பிரேக் விழும். இது இடது மாட்டை இழுத்துப் பிடித்த மாதிரி. சுழற்சி அடங்கும்.

தேவைப்பட்டால் என்ஜினின் வேகத்தையும் கருவி குறைக்கும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும், அவருக்கு இருப்பது ஒரு பிரேக் மிதிதான். ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க அவரால் முடியாது. கருவியால் முடியும்.

கவிழ்ந்த சின்னக் கார்

விலை உயர்ந்த காரில் வந்த இந்தக் கருவி, சின்னக் காருக்கு வந்த கதை சுவையானது.

1997-ம் ஆண்டு பென்ஸ் கம்பெனி ஒரு சின்னக் காரை வெளியிட்டது. ஏ கிளாஸ் என்று பெயர். சுவீடன் நாட்டில் பத்திரிகைக்காரர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நாட்டுச் சாலைகளில் குதிரை உயரத்துக்குப் பெரிய மான்கள் திடீர் என்று குறுக்கே பாயும். மான் மீது மோதாமல் காரை ஒடித்துத் திருப்பி, மறுபடியும் நேராக்க வேண்டும். அதுதான் சோதனை.

ஏ கிளாஸ் கார் திரும்பியது. தடுமாறியது. கவிழ்ந்தது!

உலகம் முழுவதும் அந்தச் செய்தி பரவியது. கம்பெனிக்குத் தலைகுனிவு. சில வாரம் விற்பனையை நிறுத்தினார்கள். அந்தச் சின்னக் கார் எல்லாவற்றிலும் இ.எஸ்.சி. கருவியைப் பொருத்தினார்கள். ஏற்கனவே விற்ற கார்களையும் வரவழைத்துப் பொருத்திக் கொடுத்தார்கள். பணக்காரக் காரின் பாதுகாப்பு சின்னக் காருக்கும் வேண்டும் என்பதை அந்தக் கவிழ்ந்த கார் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. வேறு வண்டி எதுவும் மோதாமல், கார் தானே சிக்கிக்கொள்ளும் விபத்துகளில் நூற்றுக்கு 34 இந்தக் கருவியால் குறையும் என்று 2007-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் கணக்குப் போட்டது. 2012-ம் ஆண்டுக் கார்களில் இருந்து கருவியைக் கட்டாயம் ஆக்கியது. ஐரோப்பாவில் 2014-ம் ஆண்டு முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம் ஆயிற்று.

இந்தியாவில் 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு அக்டோபரில், கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டம் தொடங்கியது. அதில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால், காரில் இ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். 2024-ம் ஆண்டு மாருதி கம்பெனி, தன் சின்னக் காரான ஆல்டோவிலும் இதைச் சேர்த்தது.

கருவி காக்கும், யாரை?

இந்தக் கருவி இருக்கிறது என்பதற்காக மலைப்பாதையில் பறக்கலாமா? கூடாது.

சாலையைப் பிடித்துக்கொள்வது டயர்தான். கருவி அந்தப் பிடிப்பைப் பங்கு போட்டுக் கொடுக்குமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்காது. டயர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் கருவி என்ன செய்யும்? வளைவின் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் போனால், எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

கார் வாங்குகிற குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுப் பெட்டி எப்படி, மெத்தை எப்படி என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். டிரைவருக்கு எதிரே, கார் வளைந்து வளைந்து போவது போல ஒரு சிறு விளக்கு இருக்கும். ஓடும்போது அது மினுமினுத்தால், கருவி வேலை செய்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வண்டியின் பழுதை அன்றன்றே பார்ப்பது பழைய யு.எம்.எஸ். வழக்கம். மூளை உள்ள காருக்கும் அந்த வழக்கம் தேவைதான்.

பெயர் நிற்கிறது

கோவை அவினாசி சாலையில், நாயுடுவின் குடும்பத்தார் 2015-ம் ஆண்டு ஒரு கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்.

அதே அவினாசி சாலையில், 2025-ம் ஆண்டு அக்டோபரில் 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டினார்கள்.

அவர் செய்த 2 ஆயிரம் ரூபாய் கார் அந்தச் சாலையில் ஓடவில்லை. ஆனால் கடைக்காரரும் வாத்தியாரும் தங்கள் சின்னக் காரில், பிள்ளை குட்டிகளோடு அந்தப் பாலத்தின் மேல் போகிறார்கள். அவர்களில் சிலருடைய காரில், நொடிக்கு 25 தடவை விழித்துப் பார்க்கும் அந்தக் காவல்காரனும் இருக்கிறான்.

எல்லாருடைய காரிலும் அவன் இருக்கும் நாள் வர வேண்டும். அந்த நாளில் நாயுடுவின் ஆசை முழுவதும் நிறைவேறும்.